நாச்சிமுத்துவின் சட்டையில் இருநூற்று முப்பது வோல்ட்

நாச்சிமுத்து செத்த பதினாறாம் நாள் அவனுடைய சட்டையில் மின்சாரம் வந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டவர்கள் எங்கள் நொச்சிக்காட்டுப்புதூரில் மிகச் சிலர்தான். எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்கு நிற்கும், செல்போனுக்குச் சார்ஜ் ஏறுமா, மிக்சி ஓடுமா என்று கேட்டவர்களே அதிகம், ஏனென்றால் எங்களூர் தறி ஓடுகிற ஊர், பகலில் இரண்டு முறை கரண்டு போகிற ஊர், போன கரண்டைத்தான் ஏன் போனாய் என்று திட்டுவோமே தவிர வந்த கரண்டை ஏன் வந்தாய் என்று விசாரிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. விசாரித்திருக்க வேண்டியவன் நான் ஒருவன். எனக்கு விடை தெரிந்திருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

என் பெயர் திருமூர்த்தி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டுகிற கடையை நானும் நாச்சிமுத்துவும் சேர்ந்து பதினான்கு வருஷம் நடத்தினோம். அவன் மனைவி சுலோச்சனா கல்யாணமாகி வந்த புதிதில் என்னை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாள், அன்றிலிருந்து அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான்; ரத்தத்தில் ஒன்றும் கிடையாது, வாய்ச்சொல்லால் வந்த உறவு, அதனாலேயே கெட்டியாக இருந்தது. தறிக்குடோன்களில் மோட்டார் நின்றுபோனால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள், நாங்கள் ஒரே மொபெட்டில் போய் இறங்குவோம், மீட்டர் என் சட்டைப்பையில் இருக்கும், ஸ்குரூடிரைவர் அவன் கையில் இருக்கும், நான் பார்ப்பேன், அவன் தொடுவான். இதுதான் எங்கள் தொழில்முறை. மற்றவர்கள் ஒரு குடோனை முடிக்கிற நேரத்தில் நாங்கள் மூன்று குடோனை முடித்துவிடுவோம், ஜோடி மாடு மாதிரி என்று ஊரே மெச்சும். தொடுகிறவன் ஒருபோதும் தன் கையால் பார்ப்பதில்லை என்பதுதான் அதில் இருந்த குற்றம், அந்தக் குற்றத்துக்குத்தான் நாங்கள் ஒற்றுமை என்று பேர் வைத்திருந்தோம்.

மீட்டர் என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற, மஞ்சள் உறை போட்ட டிஜிட்டல் மல்டிமீட்டர். நடுவில் ஒரு குமிழ். குமிழை ஒரு பக்கம் திருப்பினால் வீட்டுக்கும் தறிக்கும் வருகிற ஏசி கரண்டைப் பார்க்கலாம், இன்னொரு பக்கம் திருப்பினால் பேட்டரியில் இருக்கிற டிசியைப் பார்க்கலாம். டிசி பக்கம் வைத்துக்கொண்டு ஏசி லைனைப் பார்த்தால் மீட்டர் கத்தாது, எச்சரிக்காது, சைபர் என்று காட்டிவிட்டுச் சாதுவாக இருக்கும். கறுப்பு வயர் எந்தத் துளையில், சிவப்பு வயர் எந்தத் துளையில், ஆம்பியர் துளையில் சிவப்பைச் செருகிக்கொண்டு லைனில் வைத்தால் கையிலேயே வெடிக்கும், வயரில் கீறல் இருந்தால் தூக்கிப் போட்டுவிடு, விரல் வயரின் உலோக முனைக்கு வழுக்கக் கூடாது, இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எல்லாவற்றிலும் பெரிய பாடம் ஒன்று உண்டு: கரண்டு இருக்கிறதென்று நன்றாகத் தெரிந்த ஒரு பிளக்கில் முதலில் மீட்டரை வைத்துப் பார், அது சரியாகக் காட்டினால் சந்தேகப்படுகிற லைனைப் பார், அங்கே சைபர் வந்தால் நம்பிவிடாதே, திரும்பவும் அந்தப் பிளக்குக்குப் போய் மீட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் நம்பு. இந்தப் பாடத்தை ஐடிஐயில் ஒப்பித்துக் கைதட்டு வாங்கியவன் நான்.

ஆடி மாதம், காலை பதினொரு மணி இருக்கும். டீக்கடைக்காரர் தன் ஸ்கூட்டர் பேட்டரி இறங்கிவிட்டதா பாருங்கள் என்றார், குமிழை டிசிக்குத் திருப்பிப் பார்த்தேன், பன்னிரண்டு சொச்சம் காட்டியது, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அப்படியே பையில் போட்டேன். கிழக்குத் தெருக் குடோனில் ஒரு மோட்டார் நின்றுவிட்டதாக ஆள் வந்தது. போனோம், மெயினை இறக்கினோம். இறக்கிய பிறகும் அந்த மோட்டாரின் சுவிட்ச் பெட்டிக்கு வேறொரு வழியாக, என்றைக்கோ யாரோ பக்கத்துக் குடோனிலிருந்து இழுத்து மறந்துபோன ஒரு லைன் வந்துகொண்டிருந்தது. அது எங்களுக்குத் தெரியாதுதான். தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தானே மீட்டர். நான் இரண்டு முனையையும் வைத்தேன், சைபர் காட்டியது.

"மச்சா, பாத்துட்டியா?" என்று கேட்டான். எப்போதும் கேட்பான்.

"பாத்துட்டேன் மாப்ள, லைன் இல்ல. தொடு."

தொட்டான். அவனை மரக்கட்டையால் தள்ளி, நெஞ்சை அமுக்கி, ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம், ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அங்கே சுவரோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் மீட்டர் இன்னும் என் இடது கையில் இருப்பதையும், அதன் குமிழ் டிசியில் நிற்பதையும் பார்த்தேன். யாரும் பார்ப்பதற்கு முன் கட்டைவிரலால் குமிழைத் தள்ளி அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவனைக் கொன்றது என் அவசரம் என்றால், அதற்குப் பிறகு நான் செய்த பாவமெல்லாம் அந்தக் கட்டைவிரல் செய்தது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் பேசியது. நாச்சிமுத்துவுக்குக் கண்ணைவிடக் கை முந்தும், மச்சான் பார்த்துச் சொல்வதற்குள் கையை வைத்திருப்பான், நல்ல வேலைக்காரனுக்கு இதுதான் கேடு என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் தலையாட்ட, மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வரும்போது அது கல்லில் பொறித்ததுபோல ஆகிவிட்டது. என்னிடமும் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதை அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்கிறோமே, அது இரண்டும் ஒரே மொபெட்டில் போய்க்கொண்டிருந்த இருவருக்குள் இப்படிப் பிரிந்துபோகும் என்று நான் நினைத்ததில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சுலோச்சனாவின் சித்தப்பா, கூடத்தில் ஆணியில் தொங்கிய சட்டையின் மேல் தன் பையை மாட்டப்போய் ஓங்கி அடித்தாற்போலப் பின்னால் விழுந்தார். அது நாச்சிமுத்து வேலைக்குப் போடுகிற நீலச்சட்டை, பித்தளையில் டிச் பட்டன் வைத்தது. செத்த அன்றைக்கு மழையென்று அதைத் துவைத்துக் காயப்போடாமல் பழைய சட்டையோடு வந்திருந்தான். சுவரில் கரண்டு கசிந்து எர்த் அடிக்கிறது போல, பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மெயினை இறக்கினேன், ஃபியூஸைப் பிடுங்கினேன், வீட்டுக்கு வருகிற வயரைக்கூட வெளியே கழற்றிவிட்டேன். பிறகு மீட்டரை எடுத்து, இந்த முறை குமிழை மூன்று தரம் பார்த்து ஏசியில் வைத்து, சட்டையின் மேல் பட்டனில் ஒரு முனையும் கீழ்ப் பட்டனில் ஒரு முனையும் வைத்தேன். இருநூற்று முப்பது. டிசிக்குத் திருப்பினேன், சைபர். அன்றைக்கு என் மீட்டர் சொல்லியிருக்க வேண்டியதை அந்தச் சட்டை சொல்லிக்கொண்டிருந்தது, கூடியிருந்தவர்களில் எனக்கு மட்டும் அது புரிந்தது.

ஊர் அதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. கரண்டு போகிற நேரத்தில் முதலை வாய் போலக் கவ்வுகிற கிளிப் மாட்டிய வயரும் கையுமாகச் சுலோச்சனா வீட்டுக்கு வந்தார்கள், மேல் பட்டனில் ஒன்று, கீழ்ப் பட்டனில் ஒன்று, நடுவில் ஒரு பிளக் பலகை, அதில் எட்டுச் செல்போன், ஒரு கிரைண்டர், பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பல்பு, முடிதிருத்தும் கடைக்காரரின் மெஷின் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவோம். இங்கே செருப்பில்லாமல் வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினார்கள். மறந்து வந்தவர்களுக்கென்று நான்கு ஜோடி ரப்பர் செருப்பு படியோரம் கிடந்தது. தலைக்குக் குளித்த பெண்கள் முடி காய்ந்த பிறகுதான் உள்ளே வரலாம் என்றும், ஈரக்கையோடு வந்தால் ஆகாது என்றும், ஒரு கையால் கிளிப்பை மாட்டும்போது மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் முறைகள் வந்தன. நான் சொல்லித்தந்த முறைகள்தான், சாமி சொன்னதுபோலக் கடைப்பிடித்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி தீர்த்தத்தோடு வந்தபோது, சாமி, தண்ணி மட்டும் வேண்டாம், விபூதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று பெண்களே தடுத்துவிட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்துக்கே சட்டைக்காரம்மா வீடு என்று பெயர் வைத்துவிட்டார்.

கிழக்குத் தெருக் குடோன்காரர் ஒரு தறியை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஓட்டினார்கள், கால் மணி நேரத்தில் சட்டையின் கக்கத்தில் வேர்வை அரும்பியது, சுலோச்சனா கிளிப்பைப் பிடுங்கிவிட்டாள். அவளை மட்டும் அது அடிப்பதில்லை. அன்றிலிருந்து அவள் வைத்ததுதான் சட்டம்.

"எட்டு மணிக்குத்தான் அவரு வேலைக்கிப் போவாருங். ஒரு மணிக்குச் சோத்துக்கு வருவாரு, அப்ப ஆரும் மாட்டப்படாது. ஆறு மணிக்கு மேல தொந்தரவு பண்ணாதீங்க. வெள்ளிக்கெழம லீவு."

ஊர் கேட்டுக்கொண்டது. அந்த ஒரு மணி முதல் இரண்டு மணி வரை சோற்றுக்கு வந்த நாச்சிமுத்து மாதிரிச் சட்டையும் வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா தொங்கும், மீட்டரில் ஒன்றும் காட்டாது.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். தாங்க முடியாதது தினமும் காலை எட்டு மணிக்கு நடந்தது. கடைக்குப் போகிற வழியில் சட்டையைச் சோதித்துக் கொடுத்துவிட்டுப் போவது என் வேலையாகிவிட்டிருந்தது. சுலோச்சனா எனக்கு டீ வைத்துக் கொடுத்துவிட்டு, சட்டையின் காலரில் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டே அதை வைவாள். கத்தமாட்டாள், அழமாட்டாள், கறிக்குப் புளி அதிகமாகிவிட்டதைச் சொல்கிற குரலில் வைவாள்.

"பாத்துத் தொட்டா என்னங்க? அண்ணந்தான் மீட்டரும் கையுமா பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரல்லொ. ஒரு வார்த்த கேட்டுப்போட்டுத் தொட்டா என்ன? அப்பிடி என்ன அவசரம், உங்களுக்கு எங்க போய்ச் சேரோணும்னு அவசரம்?"

அவன் கேட்டான் அம்மிணி என்று சொல்ல அந்த டீ ஆறுவதற்குள் எனக்கு ஒரு நூறு தடவை வாய்வரை வரும். குடித்து முடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள், என்னுடையது அடுத்த ஆடி வரை ஓடியது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, ஒவ்வொரு நாளும் நான் அந்த டீயைக் குடித்தேன்.

அடுத்த ஆடியில் பக்கத்து டவுன் கல்லூரியிலிருந்து இயற்பியல் பேராசிரியர் குலசேகரன் வந்தார். நல்ல மனிதர், ஊர் ஏமாறக் கூடாது என்கிற ஒரே எண்ணத்தில் ஞாயிற்றுக்கிழமையும் பார்க்காமல் பஸ் ஏறி வந்தவர். வாசலில் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு, கழற்றச் சொல்கிற மூடநம்பிக்கையைப் பார்த்திருக்கிறேன், போடச் சொல்கிற மூடநம்பிக்கையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரித்து, போட்டிருந்ததையும் வீம்புக்குக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். கூடம் நிறைய ஆட்கள், அவர் சோதிக்கட்டும் என்று சட்டையிலிருந்த கிளிப்புகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். பையிலிருந்து புத்தம்புது மீட்டரை எடுத்தார், கூடவே ஒரு டார்ச் பேட்டரியையும் எடுத்தார்.

"முதல்ல என் மீட்டர் சரியா வேலை செய்யுதான்னு நீங்களே பாத்துக்குங்க" என்று பேட்டரியில் வைத்துக் காட்டினார். ஒன்றரை வோல்ட். எல்லாரும் எட்டிப் பார்த்து ஆமாம் என்றார்கள். பிறகு சட்டையின் இரண்டு பட்டன்களிலும் வைத்தார், சைபர் என்று காட்டியது, அதையும் எல்லாருக்கும் திருப்பிக் காட்டினார்.

"கரண்டும் இல்ல, கடவுளும் இல்ல. வெறும் சட்டை. இப்ப நானே கையில எடுத்துக் காட்டறேன்."

அவர் கை நீண்டது. நான் கதவோரம் நின்றிருந்தேன், எட்டடி தூரம் இருக்கும், எப்படிப் போனேன் என்று தெரியாது, பேராசிரியர் போட்டிருந்த சட்டையின் முதுகைப் பிடித்து இழுத்து இரண்டு பேருமாகத் தரையில் விழுந்தோம்.

"சார், டிசில இருக்குதுங்க. உங்க மீட்டர் டிசில இருக்குது. பேட்டரி பாத்தீங்க, மாத்தல."

அவர் மீட்டரைப் பார்த்தார். குமிழை ஏசிக்குத் திருப்பி, உட்கார்ந்தபடியே கையை நீட்டி மறுபடி பட்டன்களில் வைத்தார். எண்ணைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய்த் தன் வெறுங்காலைப் பார்த்தார். அப்புறம் எழுந்து வாசலுக்குப் போய் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

கூடத்தில் எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சுலோச்சனா மட்டும் என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, அந்தச் சாரு கையில புடிச்சிருந்தும் அவருக்குத் தெரியல. கதவோரத்துல நின்னுட்டு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

கண் நல்ல கண் அம்மிணி என்று சொல்லியிருக்கலாம். ஊர் அதையும் நம்பியிருக்கும்.

"அன்னைக்கி என் மீட்டரும் அப்பிடித்தான் இருந்துச்சு அம்மிணி."

"என்னைக்கி?"

"மாப்ள தொட்ட அன்னைக்கி. டீக்கடையில பேட்டரி பாத்துட்டு மாத்தாம விட்டுட்டேன். சைபர் காட்டுச்சு, லைன் இல்ல, தொடுன்னு நாந்தான் சொன்னேன்."

அவள் சட்டையைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள்.

"அவரு அவசரப்பட்டுத் தொடலீங்ளா?"

"இல்ல அம்மிணி. பாத்துட்டியான்னு கேட்டான். கேட்டுட்டுத்தான் தொட்டான்."

என்னை அடித்திருக்கலாம், அந்தக் கூடத்தில் இருந்த யார் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன், அதற்காகவே ஒரு வருஷமாக முதுகைக் காட்டிக்கொண்டு திரிந்தவன் நான். சுலோச்சனா குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஒரு வருசமா அந்த மனுசன வையிறனுங்ணா. நீங்க இங்கதான் உக்காந்து டீ குடிச்சுட்டிருந்தீங்க."

அவள் பிளக் பலகையை எடுத்து ஓரமாக வைத்தாள், கழற்றி வைத்திருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அவரவர் கையில் கொடுத்தாள், எல்லாரும் தங்கள் செல்போனை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். பிறகு சட்டையை ஆணியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அது தொங்கிய ஒரு வருஷத்தில் முதல்முறையாக அதை வாளித் தண்ணீரில் முக்கினாள். பெண்கள் பதறிப்போய்ப் பின்வாங்கினார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோப்புப் போட்டாள், காலரைக் கல்லில் வைத்துத் தேய்த்தாள், வேலைக்குப் போகிறவன் சட்டையைத் துவைக்கிற மாதிரியே துவைத்து, உதறி, கொடியில் போட்டாள்.

"இப்பப் பாருங்க. எப்பிடிப் பாக்கோணுமோ அப்பிடிப் பாருங்க."

மீட்டரை எடுத்தேன். வயரில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், கறுப்பும் சிவப்பும் தத்தம் துளையில் இருக்கிறதா என்று பார்த்தேன், குமிழை ஏசியில் வைத்தேன். அதற்குள் கரண்டு வந்திருந்தது, வாசல் சுவரில் இருந்த பிளக்கில் வைத்தேன், இருநூற்று முப்பத்தொன்று. கொடியில் தொங்கிய சட்டையின் மேல் பட்டனிலும் கீழ்ப் பட்டனிலும் வைத்தேன், சைபர். திரும்பவும் பிளக்கில் வைத்தேன், இருநூற்று முப்பத்தொன்று. மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதில் அவன் இல்லை.

"இந்தச் சைபர் நெசந்தானுங்ளா?"

"நெசந்தான் அம்மிணி."

"பிளக்குல ஒருக்கா, சட்டையில ஒருக்கா, மறுக்கா பிளக்குல. இத்தனைக்கும் எவ்வளவு நேரமாச்சுங்ணா?"

ஊரே வாசலில் நின்றுகொண்டிருந்தது. பொய் சொல்ல இனி என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"அரை நிமிசம் இருக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.